அடைக்கலான் குருவியும் அங்காடியும்

கைத்தறியின் ஓசை விடியற்காலையிலேயே கேட்கும் தெருக்கள் ஆரணியில் இன்றும் உண்டு. அத்தகைய தெரு ஒன்றில், நான் ஆயராகப் பணியாற்றும் சபையைச் சேர்ந்த நெசவாளர் குடும்பம் ஒன்று வாழ்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன், அவ்வீட்டின் பத்து வயதுச் சிறுவன் நீண்ட காய்ச்சலிலிருந்து தேறியபோது, அவன் பலநாள் கேட்டுவந்த நாய்க்குட்டியை வாங்கித் தருவதெனத் தந்தை முடிவு செய்தார். நகரத்துப் பெரிய வணிக வளாகம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிகளில் குட்டிகளை வரிசையாக வைத்து விற்கும் கடைக்கு மகனை அழைத்துச் சென்றார். ஒரு சேலை நெய்தால் கிடைக்கும் கூலியினும் மிகுதியான பணத்தைக் கொடுத்து, வெண்ணிறக் குட்டி ஒன்றை வாங்கினார். குட்டி சோர்ந்து கிடப்பதேன் என்று கேட்டதற்கு, “பயணக் களைப்புதான், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்” என்று கடையில் சொன்னார்களாம்.

மூன்றாம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. பின்னர் இரத்தமாகக் கழிந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றனர். ஐந்தாம் நாள் அது இறந்தது. தந்தை கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது, இரசீதின் அடியில் உள்ள வரியைப் படித்துப் பார்க்கும்படி கூறினர். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அங்கே அச்சிடப்பட்டிருந்தது.

அன்று மாலை நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். சிறுவன் அந்த இரசீதை என்னிடம் நீட்டி, “ஐயா, அது பொருளா?” என்று கேட்டான். கடவுள் அவனுக்கு வேறொன்று தருவார் என்று ஏதோ சொல்லி, ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன். தவறான விடை சொல்லிவிட்டேன் என்பதை வழியிலேயே உணர்ந்தேன். பழுதான ஒன்றுக்கு மாற்றாக வேறொன்று கிடைக்கும் என்பது அங்காடியின் மொழியன்றோ? இரசீது சொன்னதையே ஆயரும் சொன்னார் என்றாயிற்று. அச்சிறுவனுக்கு நான் அன்று தரத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. அங்காடியில் நிகழ்வது என்ன?

உயிரினங்களை விற்கும் கடைக்காரர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று கூறுவது நியாயமாகாது. அன்புடன் பேணுவோரும் அவர்களுள் உண்டு. ஆயினும், உயிருள்ள ஒன்றை அலமாரிச் சரக்கைப்போல வைத்து விற்கும் முறையிலேயே துன்பம் பின்னிக் கிடக்கின்றது. இதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, நாய்க்குட்டி. மேற்சொன்ன குட்டியைக் கொன்றது பார்வோ என்னும் நச்சுயிரி நோய். நோயுற்ற நாயின் மலத்தின் வழியே இது பரவும். தரையிலும் கூண்டிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். தாயின் சீம்பாலால் கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்து, தடுப்பூசியின் ஆற்றல் இன்னும் முழுமையாக வந்து சேராத இடைப்பட்ட வாரங்களே குட்டிக்கு மிகவும் ஆபத்தான காலம். அந்த வாரங்களில்தான் வணிகர் அதைத் தாயிடமிருந்து பிரித்து, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த குட்டிகளோடு ஒரே இடத்தில் அடைக்கின்றனர். தொற்றிய சில நாள்களுக்குப் பின்னரே நோயின் அறிகுறி வெளிப்படும். ஆகவே கடையில் தொற்றிய நோய் வாங்கியவர் வீட்டில் வெளிப்படுகின்றது. கடைக்காரர் சாவைக் காண்பதில்லை. இரசீதில் அந்தச் சாவு பதிவாவதும் இல்லை. இதனோடு, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களை விரும்பும் மோகமும் சேர்ந்துகொள்கின்றது. பனிநாட்டுக்கென அடர்ந்த மயிருடன் அமைந்த நாயும், முகம் தட்டையாகும்படி மனிதர் இனப்பெருக்கம் செய்ததால் மூச்சுவிடத் திணறும் நாயும் நம் சித்திரை வெயிலில் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாட்டு இனங்கள் இம்மண்ணில் வளர்ந்தவை. பெயரில்லாத தெருநாயோ இவையனைத்தையும்விட இவ்வூரை நன்கு அறிந்தது.

இரண்டாவது, மீன். சென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற இடம். அத்தொழிலால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. மீன் வளர்ப்பை நன்கறிந்தோர் அங்கே பலர் உள்ளனர். ஆனால் சில்லறைக் கடைகளில், ‘ஃபைட்டர்’ என்று சிறுவர் அழைக்கும் மீனை உள்ளங்கையளவு புட்டியில் அடைத்து அடுக்கி வைத்திருப்பதை எவரும் கண்டிருப்பர். அம்மீன் அதில் எவ்வாறு உயிரோடிருக்கின்றது? செவுளோடு, நீருக்கு மேலுள்ள காற்றையும் உட்கொள்ளும் தனி உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. நெல்வயல்களிலும் தேங்கிய நீரிலும் வாழ அதற்கு அருளப்பட்ட ஆற்றல் அது. பிற மீன்கள் மடியும் அழுக்கு நீரிலும் அது சாகாமல் தாங்குகின்றது. தாங்குவதனாலேயே புட்டியில் அடைக்கப்படுகின்றது. பொறுமையுள்ளவன்மேல் மேலும் சுமை ஏற்றும் உலக வழக்கை இங்கும் காண்கிறோம். துன்பத்தைத் தாங்குவது வேறு, நலமாயிருப்பது வேறு.

மூன்றாவது, பறவை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. ஆனால் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பலர் அறியார். மரப்பொந்திலிருந்து எடுக்கப்படும் குஞ்சுகளுள் பல, விற்பனைக்கு வந்து சேருமுன்னரே மடிகின்றன. சில்லை என்னும் சிறு குருவிகளுக்குச் சாயம் பூசி, அயல்நாட்டுப் பறவை என விற்பதும் உண்டு. சட்டம் தடுக்காத ‘லவ் பேர்ட்ஸ்’ ஆஸ்திரேலிய வெளிகளில் பெருங்கூட்டமாகப் பறக்கும் இனத்தைச் சேர்ந்தவை. இரண்டடிக் கூண்டில் அவை பறப்பதில்லை, தத்துகின்றன.

நான்காவது, ஆரணித் தெருக்களில் நாமனைவரும் கண்டிருப்பது: கூடை நிறையச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள். முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சு வேண்டாதது. அது முட்டையிடாது, இறைச்சிக்காக வளர்த்தாலும் ஆதாயம் தராது. பொரித்த நாளிலேயே அவை ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் சில சாயம் தோய்க்கப்பட்டுப் பள்ளி வாயில்களுக்கு வருகின்றன. முதல் வாரத்தில் அக்குஞ்சுக்கு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். தாயின் சிறகோ மின்விளக்கின் வெம்மையோ இல்லாமல், அட்டைப் பெட்டிக்குள் இரவைக் கழிக்கும் குஞ்சு பெரும்பாலும் சில நாள்களில் விறைத்துப் போகின்றது. சாயத்தொழிலை அறிந்த நம் ஊருக்கு இது சுருக்கென்று தைக்க வேண்டும். பட்டு நூலில் ஏற்றும் சாயம் நெடுநாள் நிற்க வேண்டும் என்று நம்மவர் எவ்வளவு பாடுபடுகின்றனர்! குஞ்சின்மேல் ஏற்றும் சாயமோ விற்கும்வரை நின்றால் போதும்.

இந்நான்கிலும் பொதுவாக அமைந்த உண்மை ஒன்று உண்டு. உயிர் மலிவாகும் அளவுக்குக் கவனிப்பு குறைகின்றது. பத்து ரூபாய்க் குஞ்சுக்கு நூறு ரூபாய் மருத்துவம் செய்வார் யார் என்று வணிகம் கேட்கின்றது. விலையே உயிரின் அளவுகோலானபின், அக்கேள்விக்கு வணிகத்தினுள் விடை கிடையாது. விடை வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

2. சட்டம் சென்றுள்ள தொலைவு

அவ்விடையைத் தேடியவர்களுள் நம் தமிழ் மண்ணைச் சார்ந்தோர் முதன்மையானவர்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. நாடாளுமன்ற மேலவையின் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018வரை சென்னையில் இயங்கிய அவ்வாரியம் இப்போது அரியானா மாநிலத்தில் உள்ளது. விமானி கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் இயக்கமும் சென்னையில் பிறந்ததே.

இச்சட்டத்தின் பதினோராம் பிரிவு, அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதையும், துன்புறும்படி ஏற்றிச் செல்வதையும், போதிய உணவும் நீரும் தராதிருப்பதையும் குற்றம் என்கின்றது. ஆனால் முதன்முறை குற்றத்துக்கு அது விதிக்கும் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. 1960இல் அத்தொகைக்கு ஏதோ மதிப்பு இருந்திருக்கலாம். இன்று அது ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை.

2017இல் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும், 2018இல் செல்லப் பிராணிக் கடை விதிகளும் வெளிவந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் எவரும் கடை நடத்தலாகாது. எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கலாகாது. எங்கிருந்து வாங்கி யாருக்கு விற்றார் என்னும் பதிவேடு வேண்டும். உயிரின் அளவுக்கேற்ற இடம் வேண்டும் என்பன அவற்றின் சாரம். நம் சபையார் ஒருவர் கடைக்குச் சென்று, “உங்கள் பதிவுச் சான்றிதழ் எங்கே?” என்று கேட்பாரானால், அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை கடைக்காரருக்கு உண்டு. வாங்கும் நாம் கேட்பதில்லை. ஆதலால் அவர்களும் காட்டுவதில்லை.

இன்னொரு செய்தியும் இறையியல் மாணவர் அறியத்தக்கது. 1960களில் இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்தோரின் சிந்தனையிலிருந்து வளர்ந்து, 1979இல் உருப்பெற்ற கோட்பாடு ஒன்று ‘ஐந்து விடுதலைகள்’ எனப்படுகின்றது. பசி தாகத்தினின்று விடுதலை, வசதியின்மையினின்று விடுதலை, வலி, காயம், நோய் இவற்றினின்று விடுதலை, அச்சத்தினின்றும் மனத்துயரினின்றும் விடுதலை, தன் இயல்பின்படி வாழும் விடுதலை என்பனவே அவை. 2014 மே 7ஆம் நாள் நாகராஜா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இவ்வைந்தையும் ஏற்றுப் பேசியது. அவ்வழக்கின் பொருளான ஏறுதழுவுதலைப் பற்றிய நிலை, 2017இன் தமிழ்நாட்டுத் திருத்தத்தாலும் 2023இன் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பாலும் மாறியது. ஆயினும் அவ்வைந்து விடுதலைகளும் உரைகல்லாக நிற்கின்றன. கடையின் கண்ணாடிப் பெட்டியை இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். உணவும் நீரும் தரப்பட்டிருக்கலாம்; ஐந்தாவது விடுதலையைத் தரும் கண்ணாடிப் பெட்டி உலகில் எங்கும் இல்லை.

பிற நாடுகள் சில இதனை உணர்ந்து வேறு வழி கண்டுள்ளன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019 முதல், கைவிடப்பட்டு மீட்கப்பட்ட நாய், பூனை, முயல்களையன்றி வேறெவற்றையும் கடைகள் விற்கலாகாது என்றது. இங்கிலாந்து 2020இல், ஆறு மாதம் நிறையாத நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர் விற்பதைத் தடுத்தது. வாங்குவோர் குட்டியை அதன் தாயோடு காண வேண்டும் என்பது அதன் கருத்து. பிரான்சு 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்தியது.

3. திருமறையின் ஒளியில்

‘இது கால்நடைத் துறையின் காரியமன்றோ? இறையியலுக்கு இதில் என்ன வேலை?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஆதியாகமம் 1:28 மனிதனுக்கு உயிர்கள்மேல் ஆளுகை அளித்ததே போதும் என்று வாதிடுவோரும் உண்டு. அவ்வசனத்தில் வரும் ‘ரதா’ என்னும் எபிரேயச் சொல் ஆளுதலைக் குறிப்பது உண்மையே. ஆனால் அதே சொல் எசேக்கியேல் 34:4இலும் வருகின்றது. நலிந்த ஆட்டைத் திடப்படுத்தாமலும், காயப்பட்டதற்குக் கட்டுப்போடாமலும், கடுமையாக ஆண்ட மேய்ப்பர்களைக் கடவுள் அங்கே கணக்குக் கேட்கிறார். ஆளுகை உண்டு என்பதால் கணக்கு இல்லை என்றாகாது. ஆளுகை உண்டு என்பதாலேயே கணக்கு உண்டு. மேலும், ஆதியாகமம் 2:19இல் ஆதாம் உயிர்களுக்குச் செய்யும் முதற்செயல் பெயரிடுதல். கண்ணாடிப் பெட்டியில் உள்ள குட்டிக்கு இனப்பெயர் உண்டு, விலைச்சீட்டு உண்டு. அதற்கெனப் பெயர் இல்லை.

மோசேயின் சட்டம் இதில் வியப்பூட்டும் நுண்மையோடு பேசுகின்றது. ஓய்வுநாளின் இளைப்பாறுதல் எருதுக்கும் கழுதைக்கும் உரியது (யாத். 23:12). பகைவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்தாலும் உதவ வேண்டும் (யாத். 23:5). கூட்டில் குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடித்துக்கொள்ளலாகாது (உபா. 22:6-7). இவை மனிதன் விலங்குகளைப் பயன்படுத்தக்கூடாது என்பனவல்ல. பயன்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பனவே.

செல்லப் பிராணி என்று நாம் இன்று சொல்வதற்கு மிக நெருங்கிய சித்திரம் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில், நாத்தான் கூறும் உவமையில் உள்ளது. ஏழை ஒருவனிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது. அவன் உணவில் பங்கு பெற்றது. மகளைப்போல அவன் மடியில் கிடந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆட்டுக்குட்டி அவன் விலைகொடுத்து வாங்கியது என்று திருமறை தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே வாங்கியதே பாவம் என்று நாம் சொல்ல இடமில்லை. காசு கொடுத்து வாங்கப்பட்டதாயினும், ஊட்டியதாலும் உடன் உறங்கியதாலும் அது பொருள் என்னும் நிலையைக் கடந்து உறவாயிற்று. செல்வனோ அதனை மந்தையில் ஒன்றாகவே கண்டான். ஒன்று போனால் மற்றொன்று என்று எண்ணினான். அவன் குற்றம் திருட்டோடு முடிவதன்று. ஈடு செய்ய இயலாத ஓர் உயிரை ஈடு செய்யத்தக்க சரக்காக மதித்தது அதனினும் ஆழமான குற்றம். சிறுவனுக்கு நான் சொன்ன விடையில் இருந்த பிழையும் அதுவே.

இனி, நம் ஆண்டவர் சந்தை விலையையே எடுத்துப் பேசிய இடத்துக்கு வருவோம். மத்தேயு 10:29இல் இரண்டு அடைக்கலான் குருவிகளின் விலை ஒரு காசு. லூக்கா 12:6இல் ஐந்து குருவிகளின் விலை இரண்டு காசு. அக்காசு உரோமர் வழங்கிய அசரியோன். ஒரு தொழிலாளியின் நாட்கூலியான தெனாரியத்தில் பதினாறில் ஒரு பங்கு. குருவி ஏழைகளின் இறைச்சி. அதனினும் மலிவானது சந்தையில் அரிது. இவ்விரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு காசுக்கு இரண்டானால் இரண்டு காசுக்கு நான்கே. ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையின் கணக்கில் அதற்கு விலையே இல்லை. அந்த ஐந்தாவதும் கடவுளுக்கு முன்பாக மறக்கப்பட்டதன்று என்பதே நம் ஆண்டவரின் போதனை.

இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாக, குருவிகளைவிட மனிதர் மேலானவர் என்னும் முடிவுக்கு விரைந்து செல்கிறோம். முடிவு உண்மையே. ஆனால் அதன் அடித்தளம் எது? குருவியைக் கடவுள் மறப்பதில்லை என்பதே. அடித்தளத்தைத் தகர்த்துவிட்டு மேல்மாடத்தில் எவரும் குடியிருக்க இயலாது. குருவி அற்பமானது, அதனை மறக்கலாம் என்று நாம் சொல்வோமானால், ‘அதைவிட மேலானவர்’ என்னும் ஆறுதலும் நமக்குப் பயன்படாமற்போகும். விலையின்படி உயிரை மதிக்கும் உலகில், விலையற்றவர் என ஒதுக்கப்பட்ட மனிதர் அனைவரும் ஐந்தாவது குருவியின் பக்கத்தில் நிற்பவர்களே.

இந்த உணர்வு கிறிஸ்தவ வரலாற்றில் செயலாகவும் வெளிப்பட்டதுண்டு. 1824இல் இலண்டனில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்ற முன்னின்றவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் சென்றார். அடிமை ஒழிப்புக்குப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் அச்சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மனிதர் மீதான இரக்கமும் விலங்குகள் மீதான இரக்கமும் ஒன்றையொன்று குறைப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழனையும் போற்றும் தமிழர்க்கு இது புதிய செய்தியுமன்று.

4. பட்டு நகரின் கேள்வி

இக்கருத்துகளை நம் சபையின் வேதபாட வகுப்பில் ஒருமுறை பகிர்ந்துகொண்டபோது, நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்த மூப்பர் ஒருவர் எழுந்தார். “ஐயா, கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொன்று எடுத்த நூலில்தான் நம் எல்லோர் சோறும் இருக்கிறது. அப்படியிருக்க, நாய்க்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் நாம் அழுவது பொருந்துமா?” என்று கேட்டார். நேர்மையான அக்கேள்வியைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

அந்துப்பூச்சி வெளிவந்தால் கூடு துளைபட்டு இழை அறுபடும். ஆதலால் அதற்கு முன்னரே கூட்டை ஆவியிலோ வெந்நீரிலோ இட்டுக் கூட்டுப்புழுவை மாய்க்கின்றனர். ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறத்தாழ ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூட்டின் எடையோ இரண்டு கிராம் அளவே. ஆகவே ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான உயிர்கள் அடங்கியுள்ளன. நம் அண்டை ஊராகிய காஞ்சியின் சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதன் பொருட்டே பட்டைத் தவிர்க்குமாறு தம் அடியாரிடம் கூறிவந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த குசும ராஜையா, பூச்சி வெளியேறிய பின்னர் கூட்டிலிருந்து நூல் நூற்று ‘அகிம்சைப் பட்டு’ நெய்யும் முறையைப் பரப்பினார். அது அறுபட்ட இழையை நூற்பதாதலால் மினுமினுப்புக் குறைவு, விலை கூடுதல்.

மூப்பருக்கு நான் கூறிய விடை இதுவே. முதலாவது, நம் கை முற்றிலும் தூய்மையானது என்று நாம் பாவிக்க வேண்டியதில்லை. வீழ்ச்சியுற்ற உலகில், பிற உயிரின் இழப்பின்றி உண்பதும் உடுப்பதும் எவருக்கும் எளிதன்று. அதனை அறிக்கையிடுவதே மனந்திரும்புதலின் தொடக்கம். ஆனால் ஒன்றில் குறையுள்ளவன் மற்றொன்றிலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது நியாயமன்று. கடன்பட்டவன் புதுக்கடன் வாங்கலாம் என்பது போன்ற வாதம் அது. இரண்டாவது, துன்பத்தில் அளவு வேறுபாடு உண்டு. புழு எவ்வளவு உணர்கின்றது என்பது இன்னும் ஆராய்ச்சிக்குரியது. நாய் அஞ்சுவதையும் ஏங்குவதையும் அறிய எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். மூன்றாவது, இதுவே முதன்மையானது: பட்டுப்புழுவை எவரும் அன்பின் பெயரால் விற்பதில்லை. நாய்க்குட்டியை விற்பவரோ, அன்பையும் தோழமையையும் விற்பதாக விளம்பரம் செய்கிறார். அன்பின் பெயரால் விற்கப்படும் உயிர் சரக்காக நடத்தப்படுவது கொடுமையோடு பொய்ச்சாட்சியும் ஆகும். அப்பொய்யைப் பணம் கொடுத்து வாங்குவது குழந்தைகள் கையால் என்பது அதனினும் வருந்தத்தக்கது.

மூப்பர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர், “ஐயா, சேலை எத்தனை நாள் உழைப்பு என்று கேட்காமல் விலையை மட்டும் கேட்கிறவர்களை நாங்கள் அறிவோம்” என்றார். என் விடையைவிட அது நன்று.

5. திருச்சபை செய்யக்கூடியவை

அப்பெருங்கடைகளில் கூண்டுக்குள் இருப்போர் விலங்குகள் மட்டுமல்லர். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணியாற்றிய விற்பனைப் பெண்களுக்கு அமர இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்யவே தமிழ்நாட்டில் 2021 வரை ஆயிற்று. நிற்கும் பணியாளரின் கால்வலியைக் காணாத கடை, கூண்டிலுள்ள குட்டியின் சோர்வைக் காணும் என்று எதிர்பார்ப்பதெப்படி? இவ்விரண்டும் ஒரே பார்வைக் குறைவின் இரு விளைவுகள். ஆதலின் நம் அக்கறையும் இரண்டையும் தழுவியதாக இருத்தல் வேண்டும்.

செயலளவில் சிலவற்றைக் குறிப்பிட விரும்புகிறேன். ஞாயிறு பள்ளிகளில் நல்ல மதிப்பெண்ணுக்கும் வசனப் போட்டிக்கும் பரிசாக மீன் புட்டியோ வண்ணக் குஞ்சோ தருவதை விட்டுவிடுவோம். பிள்ளைக்கு உயிரொன்றை வாங்கித்தர விரும்பும் பெற்றோர், அதன் ஆயுள் எவ்வளவு, நாள்தோறும் யார் பேணுவார் என்பதை முதலில் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யட்டும்; நாய்க்குட்டி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகால உடன்படிக்கை. இயன்றவரை, கைவிடப்பட்ட குட்டியையோ நாட்டு இனத்தையோ எடுத்து வளர்க்கட்டும். கடையில் வாங்குவதாயின் பதிவுச் சான்றிதழையும் தடுப்பூசிக் குறிப்பையும் கேட்கட்டும். அவை இல்லையாயின், இரக்கத்தின் பேரிலும் வாங்காதிருக்கட்டும். ஏனெனில் இரக்கத்தால் நாம் வாங்கும் ஒரு குட்டியின் இடத்தில் மறுநாளே வேறொரு குட்டி அடைக்கப்படும். கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்போர் அதைத் தாமே திடீரெனத் திறந்துவிடாமல், வனத்துறையினரிடம் ஒப்படைக்கட்டும். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரைதேடத் தெரியாது. இறையியல் கல்லூரிகளில் படைப்பைப் பற்றிய பாடம் கடல், காடு, வானிலை என்று பெரியவற்றோடு நின்றுவிடாமல், அங்காடியின் கண்ணாடிப் பெட்டி வரை வரட்டும்.

வேதபாட வகுப்பு முடிந்த வாரத்தில் அந்நெசவாளர் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். சிறுவன் இப்போது வளர்ந்து உயர்நிலைப் பள்ளி மாணவனாகிவிட்டான். தெருவில் மழைநாளில் ஒதுங்கிய செவலை நாய் ஒன்று தறிக்குழியின் ஓரத்தில் படுத்திருந்தது. “நீ அன்று கேட்டாயே, அதற்கு நான் தவறான விடை சொல்லிவிட்டேன், தம்பி. அது பொருள் அல்ல” என்றேன். “தெரியும் ஐயா” என்றான் அவன், நாயின் தலையைத் தடவிக்கொண்டே.